பெங்களூரில் செல் உயிரியல், கணினி உயிரியல் மாநாடுகளும் பயிற்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு ஆய்வுக்காகப் பெங்களூர் வந்தவள். செல்களின் நுண்ணோக்கிப் படங்களைக் கணினியில் வைத்து அளப்பதுதான் இப்போது என் அன்றாட வேலை. ஊரில் எம்.எஸ்சி, பிஎச்டி படிக்கும் தம்பி தங்கைகள் போன் செய்து கேட்பார்கள். சில சமயம் அவர்களுடைய அப்பா அம்மாவே கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். இங்கே இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலரிடமும் பேசிப் பார்த்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

மாநாடு, ஒர்க்‌ஷாப், சம்மர் ஸ்கூல் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. மாநாடு என்றால் இரண்டு நாளிலிருந்து ஐந்து நாள் வரை நடக்கும். மற்றவர்கள் தங்கள் ஆய்வைப் பேசுவார்கள், நீங்கள் போஸ்டர் வைப்பீர்கள். ஒர்க்‌ஷாப் அல்லது கோர்ஸ் என்றால் உங்கள் கை வேலை செய்ய வேண்டும். கருவியைத் தொடுவீர்கள், நிரல் எழுதுவீர்கள். ஸ்கூல் என்பது ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலோ போகும். காலையில் வகுப்பு, மாலையில் கணக்கு, இரவில் அந்தக் கணக்கைப் பற்றிய சண்டை.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் பெரிய மாநாட்டைச் சொல்லமாட்டேன். ஐந்நூறு பேர் கூடும் இடத்தில் புதிதாக வருகிறவர் தனியாக நின்று காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். இருபது முப்பது பேர் மட்டும் இருக்கும் ஒரு கோர்ஸில் தொடங்குங்கள். இரண்டாவது நாள் மதியத்துக்குள் எல்லோருக்கும் உங்கள் பெயர் தெரிந்திருக்கும்.

எல்லா விரிவுரையும் யூடியூபில் கிடைக்கிறதே, எதற்கு நேரில் போக வேண்டும்?

விரிவுரைக்காக என்றால் போக வேண்டாம். பெங்களூரில் இருக்கும் கோட்பாட்டு அறிவியல் மையமான ஐசிடிஎஸ் தன் வகுப்புகளில் பெரும்பாலானவற்றை யூடியூபில் போட்டுவிடுகிறது. ஐபயாலஜி என்ற இலவச இணையதளத்தின் காணொளிகளில் செல் உயிரியலின் பெரிய ஆட்களே பாடம் நடத்துகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து தாராளமாகப் பார்க்கலாம்.

நேரில் போவது வேறொன்றுக்காக. அதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜி.என்.ராமச்சந்திரன். 1952-இல் ஜே.டி.பெர்னால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். அப்போதுதான் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைப் பொறுப்பை ஏற்றிருந்த ராமச்சந்திரனிடம் பேசிக்கொண்டிருந்தபோது, தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாக விளங்கவில்லை என்றார். அந்தப் பேச்சிலிருந்து ஒரு கேள்வி பிறந்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ் கதிரில் படம் எடுத்தார்கள். 1954-லும் 1955-லும் கொலாஜனில் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டிருப்பதாக மாதிரி கொடுத்தார்கள்.

கதை அங்கேயே முடியவில்லை. அவர்களுடைய மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இருக்கின்றன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். சரி, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக் கூடாது என்று ராமச்சந்திரனும் சி.ராமகிருஷ்ணனும் வி.சசிசேகரனும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அதில் வந்ததுதான் 1963-இல் வெளியான ராமச்சந்திரன் வரைபடம். ஃபை, சை என்ற இரண்டு கோணங்களை வைத்துக்கொண்டு ஒரு புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று சொல்லிவிடலாம். இன்று ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணித்துக் கொடுக்கும் புரத அமைப்பைச் சரிபார்க்கும்போதும் அந்த வரைபடத்தைப் பார்க்கிறோம். அதே 1963 ஜனவரியில் புரத அமைப்பைப் பற்றிய சர்வதேசக் கருத்தரங்கு ஒன்று சென்னையிலேயே நடந்தது. கணினி உயிரியல் நமக்கு வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ராமச்சந்திரனுக்கு ஒருவர் கேள்வியைக் கொடுத்தார், வேறு இருவர் தப்பைக் காட்டினார்கள். நேரில் போவது இந்த இரண்டுக்காகத்தான். உங்கள் கையில் ஒரு கேள்வி இருக்கும்போது போங்கள், அதை நாலு பேரிடம் காட்டுங்கள். கீழே வரும் பல பதில்களும் இதையே சுற்றி வரும்.

பெங்களூரில் எங்கெங்கே நடக்கின்றன?

செல் உயிரியலுக்கு முதல் முகவரி என்சிபிஎஸ் என்ற தேசிய உயிரியல் அறிவியல் மையம். பல்லாரி சாலையில், ஹெப்பாளத்தைத் தாண்டி, ஜிகேவிகே என்ற வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. டிஐஎஃப்ஆர் என்ற டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது. அதே வளாகத்தில் ஸ்டெம் செல் ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெமும், கருவி வசதிகளையும் தொழில் முனைவோரையும் கவனிக்கும் சி-கேம்பும் உண்டு. இங்கே நடக்கும் பெங்களூர் மைக்ரோஸ்கோப்பி கோர்ஸ் எனக்கு மிகவும் பிடித்தது. லென்ஸ், கண்ணாடி, ஒளி என்று அடிப்படையிலிருந்து தொடங்கி, கான்ஃபோகல், சூப்பர் ரெசல்யூஷன் போன்ற நுட்பமான நுண்ணோக்கிகள் வரை கொண்டுபோவார்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். அந்த வரம்பைத் தாண்டியதற்குத்தான் 2014-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். புத்தகத்தில் இதைப் படித்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. லேசரை நானே திருப்பி, மங்கலான ஒரு கறை இரண்டு புள்ளியாகப் பிரிந்ததைக் கண்ணால் பார்த்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என்சிபிஎஸ்ஸில் சைமன்ஸ் மையம் என்று ஒன்று இருக்கிறது. செல்லை ஓர் இயந்திரமாகப் பார்க்கும் இயற்பியல், கணிதக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். ‘பிசிக்ஸ் ஆஃப் லைஃப்’ என்ற மழைக்காலப் பள்ளியை நடத்துகிறார்கள். ஐசிடிஎஸ் வடக்கே ஹெசரகட்டா பக்கம், சிவகோட்டேயில். அங்கே அளவுசார் சிஸ்டம்ஸ் பயாலஜி (உயிரின் பாகங்கள் சேர்ந்து இயங்குவதைக் கணக்கால் படிப்பது) குளிர்காலப் பள்ளி நடக்கும். இத்தாலியின் திரியெஸ்டே நகரத்தில் இருக்கும் ஐசிடிபி என்ற சர்வதேச இயற்பியல் மையத்தோடு சேர்ந்து செய்கிறார்கள்.

ஐஐஎஸ்சி என்ற இந்திய அறிவியல் நிறுவனத்தில், ராமச்சந்திரனே வந்து தொடங்கிய மாலிகுலர் பயோஃபிசிக்ஸ் யூனிட் இருக்கிறது. (ஆட்டோக்காரரிடம் ஐஐஎஸ்சி என்றால் சில சமயம் விழிப்பார். ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்று சொல்லுங்கள்.) ஜக்கூரில் ஜேஎன்சிஏஎஸ்ஆர் என்ற ஜவஹர்லால் நேரு ஆய்வு மையம். எலக்ட்ரானிக் சிட்டியில் ஐபாப் என்ற நிறுவனம், உயிர்த்தகவலியலுக்கென்றே (உயிரியல் தரவைக் கணினியில் அலசும் துறை) 2001-இல் தொடங்கியது.

அறிவிப்பை எங்கே, எப்போது பார்ப்பது?

இந்தியாபயோசயின்ஸ் தளத்தில் நிகழ்ச்சி, வேலை, உதவித்தொகை எல்லாம் வரும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். அப்புறம் மேலே சொன்ன நிறுவனங்களின் தளங்கள். கோடைக்கால ஆய்வுக்கு இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து கொடுக்கும் ஃபெலோஷிப் முக்கியமானது. இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்யலாம். பொதுவாக நவம்பருக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ஏப்ரலில் போன் செய்து “அக்கா, இந்த மே மாதம் எங்காவது இடம் கிடைக்குமா?” என்று கேட்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். தீபாவளிக்குள் தேட ஆரம்பித்துவிடுங்கள். ஜேஎன்சிஏஎஸ்ஆருக்குத் தனியாக ஒரு கோடைக்கால ஃபெலோஷிப் உண்டு, அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

எனக்குக் கோடிங் தெரியாது. கணினி உயிரியல் பயிற்சிக்கு வரலாமா?

வரலாம், ஆனால் வெறுங்கையோடு வராதீர்கள். ஒரு வாரப் பயிற்சியில் முதல் இரண்டு நாளை ‘ஃபைல் எங்கே இருக்கிறது, ஃபோல்டர் எங்கே இருக்கிறது’ என்பதிலேயே செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் வரும்போது அவர்கள் களைத்துப்போயிருந்தார்கள்.

வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஆரம்பியுங்கள். பைத்தான், ஆர் என்ற நிரல் மொழிகளில் ஒன்று போதும். செல் உயிரியல் படங்கள் உங்கள் வேலை என்றால் பைத்தான். ஆர்என்ஏ அளவுகள் என்றால் ஆர், ஏனென்றால் அதற்கான பயோகண்டக்டர் என்ற நிரல் தொகுப்புகள் ஆரில்தான் இருக்கின்றன. ஒரு அட்டவணையைத் திறந்து, சில வரிகளை வடிகட்டி, ஒரு வரைபடம் போடத் தெரிந்தால் உள்ளே வரத் தயார். லினக்ஸ் கட்டளைகளில் பத்துப் பதினைந்து பழகிக்கொள்ளுங்கள். என்பிடெல் என்ற இணையப் பாடத்தளத்தில் ஐஐடி சென்னைப் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்கள் இலவசம். மைக்கேல் குரோமிஹாவின் உயிர்த்தகவலியல் பாடமும், கார்த்திக் ராமனின் சிஸ்டம்ஸ் பயாலஜி பாடமும் நல்ல தொடக்கம். தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமான இஎம்பிஎல்-இபிஐயின் தளத்திலும் இலவசப் பயிற்சிகள் கொட்டிக்கிடக்கின்றன.

லேப்டாப் பழையதாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். ஆர்என்ஏ துணுக்குகள் மனித மரபணுத் தொகுதியில் எங்கே பொருந்துகின்றன என்று தேடும் ஸ்டார் மென்பொருளை ஓட்ட சுமார் 30 ஜிபி ரேம் வேண்டும், அது பெரும்பாலும் யார் வீட்டிலும் இருக்காது. பயிற்சியில் சர்வர் கொடுப்பார்கள். வீட்டில் பழக, பிரவுசரிலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாப் போதும்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி.

நல்லது, உங்களைப் போன்றவர்கள் வேண்டும். ஒன்றே ஒன்று: செல்லையும் ரசாயனத்தையும் கையாளும் ஏதாவது ஒரு ஈர ஆய்வகத்தில் (வெட் லேப்) ஒரு நாளாவது பக்கத்தில் நின்று செல் வளர்ப்பைப் பாருங்கள். ஒரு தட்டுச் செல்லை வளர்த்து, சாயமிட்டு, படமெடுக்க எத்தனை நாள் ஆகிறது என்று தெரிந்த பிறகு, “இன்னும் பத்தாயிரம் படம் அனுப்புங்கள், மாடலைப் பழக்க வேண்டும்” என்று சுலபமாகக் கேட்கமாட்டீர்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? ஏன் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை?

நான் சில பயிற்சிகளுக்கு விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்ய உதவியிருக்கிறேன். இடம் இருபது, விண்ணப்பம் பல மடங்கு. பத்தில் ஏழில் இப்படித்தான் இருக்கும்: ‘எனக்கு நுண்ணோக்கியில் மிகுந்த ஆர்வம் உண்டு. இந்தப் பயிற்சி என் எதிர்காலத்துக்குப் பெரிதும் உதவும்.’ பொய் இல்லை. ஆனால் படிப்பவருக்கு இவர் யார், என்ன செய்கிறார் என்று ஒன்றும் தெரியவில்லை.

இன்னொருவர் எழுதுகிறார்: ‘ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு மனித செல் வகை) லைசோசோம்களை (செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் சிறு பைகள்) எண்ணுகிறேன். ஒரே படத்தில் எனக்கு 40 வருகிறது, என் கைடுக்கு 65 வருகிறது. எந்த அளவுக்குக் கீழே இருக்கும் புள்ளியை விட்டுவிடலாம் என்று எங்களால் முடிவு செய்ய முடியவில்லை.’ இதைப் படித்ததும் எங்களுக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கும். கல்லூரி பெரிதா சிறிதா என்று யாரும் கவனிக்கமாட்டார்கள். விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். ஆனால் முதலில் தமிழில் இந்த மூன்று வரியை எழுதுங்கள். என்ன செய்கிறேன், எங்கே மாட்டிக்கொண்டேன், இந்தப் பயிற்சியில் எந்தப் பகுதி அதை அவிழ்க்கும். அது தெளிவாக வந்துவிட்டால் ஆங்கிலம் பின்னாலேயே வரும்.

ரெகமெண்டேஷன் கடிதம் கேட்டால் துறைத்தலைவரிடம் போய் நிற்காதீர்கள். உங்களை ஆய்வகத்தில் பார்த்த ஆசிரியரிடம் வாங்குங்கள், குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள்.

தேர்வாகவில்லையா? மறுபடியும் போடுங்கள். நான் மூன்றாவது முறைதான் தேர்வானேன்.

எவ்வளவு செலவாகும்?

ஐசிடிஎஸ் நிகழ்ச்சிகளுக்குப் பொதுவாகப் பதிவுக் கட்டணம் இல்லை, தேர்வானவர்களுக்குத் தங்குமிடமும் பார்த்துக்கொள்வார்கள். கருவிகளைத் தொடும் பயிற்சிகளுக்குக் கட்டணம் உண்டு. சாயமும் லேசரும் விலை அதிகம். மாணவர்களுக்குக் குறைவாக வைப்பார்கள், அதுவும் கஷ்டம் என்றால் ஏற்பாட்டாளருக்கு நேரடியாக மெயில் எழுதுங்கள். பல இடங்களில் இதற்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள், யாரும் கேட்காமல் மீந்துபோகிறது. கேட்பதில் கூச்சம் வேண்டாம். என் முதல் பயிற்சிக்கு அம்மா வளையலை அடகு வைத்தார். ஒரு மெயில் எழுதியிருந்தால் அந்த வளையல் வீட்டிலேயே இருந்திருக்கும்.

வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போய்ச் சில வாரம் கற்றுக்கொண்டு வர, தி கம்பெனி ஆஃப் பயாலஜிஸ்ட்ஸ் டிராவலிங் ஃபெலோஷிப் கொடுக்கிறது. பெயரைப் பார்த்து ஏதோ வியாபார நிறுவனம் என்று நினைத்துவிடாதீர்கள். 1925-இல் தொடங்கிய, லாப நோக்கமில்லாத அமைப்பு, செல் உயிரியல் இதழ்களை நடத்துகிறது. ஐரோப்பாவின் மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவோடு இந்தியா 2016-இல் இணை உறுப்பினராகச் சேர்ந்தது. எம்போ கருத்தரங்குகள் இந்தியாவிலும் நடந்திருக்கின்றன, அப்படி நடக்கும்போது விமானச் செலவு இல்லாமலேயே அந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம்.

ஐஎஸ்சிபி மாநாடு என்கிறார்கள். எந்த ஐஎஸ்சிபி?

இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள், குழம்புவது நியாயம்தான். இந்தியச் செல் உயிரியல் சங்கத்துக்கும் அதே நான்கு எழுத்து, சர்வதேசக் கணினி உயிரியல் சங்கத்துக்கும் அதே நான்கு எழுத்து. முதலாவது ஆண்டுதோறும் அகில இந்தியச் செல் உயிரியல் மாநாட்டை ஊர் ஊராக நடத்துகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் போஸ்டர் வைக்க நல்ல இடம். இரண்டாவது 1997-இல் உருவானது, அதன் பெரிய மாநாடு ஐஎஸ்எம்பி, வெளிநாடுகளில் நடக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திர ஹோட்டலில் நடக்கும் ‘உலக மாநாட்டுக்கு’ பேச அழைத்து மெயில் வந்திருக்கிறது. போகலாமா?

தயவுசெய்து போகாதீர்கள். நான் போயிருக்கிறேன். ஆய்வின் முதல் வருடம், ‘மதிப்புக்குரிய அறிஞரே’ என்று மெயில் வந்தது. என் உதவித்தொகையில் ஒரு மாதப் பணத்தைக் கட்டினேன். போய்ப் பார்த்தால் ஒரே அறையில் செல் உயிரியல், பல் மருத்துவம், நர்சிங், மீன் வளர்ப்பு. பட்டியலில் இருந்த பெரிய பெயர் எதுவும் வரவில்லை. நான் பேசியபோது எதிரே ஒன்பது பேர், அவர்களும் அடுத்துப் பேசக் காத்திருந்தவர்கள். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. பணம் போனதைவிட அதுதான் வலித்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர்களின் சொந்தப் பக்கத்தில் அந்த மாநாடு பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்களில் ஒருவருக்கு மெயில் எழுதிக் கேளுங்கள், தன் பெயர் அதில் இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். போன வருட நிகழ்ச்சி நிரல் கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஆய்வுச்சுருக்கம் அனுப்பிய மறுநாளே ‘ஏற்கப்பட்டது’ என்று வந்தால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

என் தரவைக் கொண்டு வரலாமா? எப்படி?

கட்டாயம் கொண்டு வாருங்கள், கைடின் அனுமதியோடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேருடைய உழைப்பு வீணாகிறது.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தங்கை இருநூறு படங்களோடு வந்தாள். எல்லாம் பவர்பாயிண்ட்டில் ஒட்டிய ஜேபெக் படங்கள். ஆறு மாத வேலை. அதில் ஒளிர்வை அளக்க வழியே இல்லை. ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது நுண்ணிய விவரங்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறது, கண்ணுக்குத் தெரியாது, அளவு மாறிவிடும். நுண்ணோக்கி கொடுக்கும் மூலக் கோப்பையே வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், விவரத்தை இழக்காத டிஃப் வடிவில் சேமியுங்கள். 8 பிட் படத்தில் 256 ஒளிநிலைகள், 16 பிட்டில் 65,536. 16 பிட்டில் எடுத்ததை 8 பிட்டாக மாற்றிச் சேமித்துவிட்டு மூலத்தை அழித்தால் திரும்ப வராது. படம் எடுக்கும்போதே மிகப் பிரகாசமான இடம் உச்ச எண்ணில் போய் முட்டி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டிவிட்டால் அந்த இடத்தில் உண்மையான அளவு என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாப் படத்துக்கும் லேசர், எக்ஸ்போஷர் ஒரே மாதிரி வையுங்கள். சாயமிடாத செல்லின் படமும் ஒன்று வேண்டும்.

பயிற்சிக்கு இருநூறு படம் தேவையில்லை. பத்துப் போதும். நன்றாக வந்தவை நாலு, மோசமாக வந்தவை ஆறு. மோசமானவற்றில்தான் கற்றுக்கொள்வீர்கள். கூடவே ஒரு தாளில் எந்தச் செல், எந்தச் சாயம், எந்த லென்ஸ், ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்று எழுதி வாருங்கள். படத்தை அளக்க ஃபிஜி, செல்புரொஃபைலர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். வருவதற்கு முன்பே இறக்கி, திறந்தாவது பாருங்கள்.

ஒற்றைச் செல் ஆர்என்ஏ தரவு (ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்ற அளவு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று எலியிலிருந்து ஆளுக்கு ஆயிரம் செல் எடுத்தால் உங்களிடம் மூவாயிரம் சான்றுகள் இல்லை, மூன்றுதான் இருக்கின்றன. ஒரே எலியின் செல்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒன்றைப் போலத்தான் மற்றொன்றும் இருக்கும். இதைக் கவனிக்காமல் மூவாயிரம் என்று போட்டால் எல்லா மரபணுவும் மாறியதுபோல் தெரியும். சோதனையை நடத்துவதற்கு முன்னால் புள்ளியியல் தெரிந்தவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டால் இந்தக் கஷ்டம் இல்லை. அந்த அரை மணி நேரம் மாநாட்டு இடைவேளையில் இலவசமாகக் கிடைக்கும்.

போஸ்டர்?

ஏ0 அளவு, அதாவது 84 சென்டிமீட்டருக்கு 119. நிமிர்த்தியா படுக்கவைத்தா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். துணியில் அச்சிட்டால் மடித்துப் பையில் வைத்துவிடலாம், மழையில் நனைந்தாலும் பரவாயில்லை. எழுத்தைப் பாதியாகக் குறையுங்கள், அப்புறம் இன்னொரு முறை பாதியாக. தலைப்பில் கண்டுபிடிப்பைச் சொல்லுங்கள். உங்களுக்கே புரியாத முடிவு ஒன்று இருந்தால் அதையும் ஒரு மூலையில் வையுங்கள். வருகிறவர்கள் அதன் முன்னால்தான் நிற்பார்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது. கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

தமிழ் வழியில் படித்த எல்லோரும் இதைக் கேட்கிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன். அந்த அறையில் ஜப்பானியர், பிரெஞ்சுக்காரர், வங்காளி, மலையாளி எல்லோரும் இருப்பார்கள். முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி. கேள்வியைத் தாளில் எழுதிவைத்துப் படியுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். அரங்கில் எழுந்து நிற்க முடியவில்லையா, இடைவேளையில் போய்க் கேளுங்கள். ‘உங்கள் மூன்றாவது படத்தில் கன்ட்ரோல் என்ன?’ என்று நாலைந்து சொல்லில் கேட்ட ஒரு கேள்வி அந்த அரங்கத்திலேயே சிறந்த கேள்வியாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கேட்டவர் சேலத்துப் பையன்.

தமிழில் பேச ஆள் வேண்டும் என்றால் பெங்களூரில் பஞ்சமே இல்லை. எந்த ஆய்வகத்திலும் ஒரு தமிழராவது இருப்பார்.

பேராசிரியர்களை எப்படி அழைப்பது?

நம் ஊரில் கைடு என்றால் ‘சார்’, ‘மேடம்’, கதவுக்கு வெளியே நிற்பது. இங்கே பல ஆய்வகங்களில் மாணவர்கள் ஆய்வகத் தலைவரை (பிஐ) பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். முதல் முறை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீங்கள் அப்படி மாற வேண்டியதில்லை. மெயிலில் ‘டாக்டர்’ என்று பெயரோடு எழுதுங்கள், நேரில் சார், மேடம் என்றே சொல்லலாம். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று பெயர் இல்லாமல் ஐம்பது பேருக்கு ஒரே மெயில் அனுப்புவது மட்டும் வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் புரியாத ஒரு இடத்தைக் கேட்டு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

சான்றிதழ் தருவார்களா?

தருவார்கள். ஆனால் வேலைக்கோ பிஎச்டிக்கோ நேர்காணலில் அதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. என்ன கற்றுக்கொண்டாய் என்றுதான் கேட்பார்கள்.

வீட்டில் தனியாக அனுப்பத் தயங்குகிறார்கள். எப்படி வருவது, எங்கே தங்குவது?

தேர்வான கடிதத்தை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள், ஏற்பாட்டாளரின் அலுவலக எண்ணைக் கொடுங்கள், வேண்டுமானால் அவர்களே பேசட்டும். பெரும்பாலும் வளாகத்துக்குள்ளேயே விடுதி கிடைக்கும், பெண்களுக்குத் தனியாக. பகல் வண்டியில் வாருங்கள். சென்னையிலிருந்து பிருந்தாவன், லால்பாக், சதாப்தி, வந்தே பாரத் என்று நிறைய இருக்கின்றன. ஐஐஎஸ்சிக்கு யஷ்வந்த்பூர் ஸ்டேஷன் பக்கம். என்சிபிஎஸ்ஸுக்கு மெஜஸ்டிக்கிலிருந்து எலகங்கா பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி ஜிகேவிகேயில் இறங்கலாம், விமான நிலையம் போகும் பஸ்களும் அந்தச் சாலையில்தான் போகின்றன. மதுரை, சேலம் பக்கமிருந்து வரும் ஆம்னி பஸ் விடியற்காலையில் மடிவாளாவில் இறக்கிவிடும். அது நகரத்தின் தென்கோடி, என்சிபிஎஸ்ஸும் ஐசிடிஎஸ்ஸும் வடகோடி. அந்த இடத்தில் ஆட்டோ பிடித்தால் பெரிய தொகை ஆகும். எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025-இலிருந்து மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் ஓடுகிறது. ஐசிடிஎஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஏற்பாட்டாளர்கள் வண்டி விடுகிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஒரு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள், நுண்ணோக்கி அறையில் ஏசி கடுமையாக இருக்கும். நாள் மிச்சமிருந்தால் அலசூர் ஏரிக்கரைக்குப் போய் வள்ளுவர் சிலையைப் பாருங்கள், பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம். ஞாயிற்றுக்கிழமை ஐசிடிஎஸ் நடத்தும் ‘காப்பி வித் க்யூரியாசிட்டி’ உரை இருந்தால் அதையும் விடாதீர்கள், யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம்.

திரும்பி வந்த பிறகு என்ன செய்வது?

முதல் வாரத்துக்குள் மூன்று வேலை. பேசிய ஆட்களுக்குச் சுருக்கமாக மெயில் எழுதுங்கள், என்ன பேசினோம் என்று ஒரு வரி சேருங்கள், இல்லாவிட்டால் அவருக்கு நினைவு வராது. பயிற்சியில் ஓட்டிய அதே நிரலை, யாருடைய உதவியும் இல்லாமல், உங்கள் முழுத் தரவிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே யாரிடம் கேட்பது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். மூன்றாவது, துறையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், அதைத் தமிழிலேயே செய்யலாம். அந்தத் திருநெல்வேலித் தங்கை அப்படிச் செய்தாள். அடுத்த வருடம் அவளுடைய கல்லூரியிலிருந்து மூன்று பேர் விண்ணப்பித்தார்கள், மூவரிடமும் டிஃப் கோப்புகள் இருந்தன.